நத்தைக் கூட்டின் வாய்

சரித்திரம் என்றால் ராஜாக்கள், படையெடுப்பு, கோட்டை கொத்தளம் என்றுதான் நமக்குப் பழக்கம். ஓர் இரும்புக் கூட்டின் வாய் எத்தனை அகலம் இருக்கவேண்டும் என்ற கேள்விக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் மலையேற்றம் உண்டு, பிரக்ஞை தப்பி ஆகாயத்திலிருந்து விழுந்தவர் உண்டு, ஊர் சிரித்த பிறகு ஜெயித்தவர் உண்டு என்று சொன்னால் வாசகர்கள் நம்பத் தயங்கலாம். கதை எழுதுகிறவன் வழக்கம்போல் கொஞ்சம் சரக்குச் சேர்க்கிறான் என்று நினைக்கலாம். இதில் நான் சேர்த்தது ஒன்றுமில்லை. சேர்க்கத் தேவையும் இருக்கவில்லை.

விஷயம் டர்போசார்ஜர் என்ற கருவியைப் பற்றியது. டீசலில் ஓடும் லாரியிலும் பஸ்ஸிலும் இன்று அது இல்லாத வண்டி அபூர்வம். பார்வைக்கு இரண்டு நத்தைக் கூடுகளை முதுகோடு முதுகாக ஒட்டிவைத்தது போல இருக்கும். ஒரு கூட்டுக்குள் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை நுழைந்து ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரத்தின் அச்சு அடுத்த கூட்டுக்குள் நீண்டு அங்கே இன்னொரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. இரண்டாவது சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் எண்ணெயை அதிகம் எரிக்கலாம். எண்ணெய் அதிகம் எரிந்தால் பலமும் அதிகம். கொல்லன் உலையில் துருத்தி ஊதுகிறானே, அதே தத்துவந்தான். ஒரே வித்தியாசம், கொல்லன் துருத்தி ஊத ஒரு பையனை வைத்துக் கூலி கொடுக்கிறான். இங்கே உலையின் புகையே துருத்தியை ஊதிவிடுகிறது. வீணாகப் போகிற புகைக்கு வேலை கொடுத்தவன் கெட்டிக்காரன் அல்லவா?

ஆனால் கெட்டிக்காரத்தனம் அங்கே முடியவில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. புகை நுழைகிற அந்தக் கூட்டின் வாயை எவ்வளவு அகலமாக வைப்பது?

வாய்க்கால் வெட்டுகிறவர்களுக்கு இந்தத் தர்மசங்கடம் தெரியும். குறுகலாக வெட்டினால் கோடையில் வருகிற சொற்பத் தண்ணீரும் விசையோடு ஓடும். ஐப்பசி வெள்ளம் வந்தால் கரை உடையும். அகலமாக வெட்டினால் வெள்ளத்தைத் தாங்கும். கோடையில் தண்ணீர் நகராமல் சோம்பிக் கிடக்கும். புகைக் கூடும் அப்படித்தான். வாய் சிறுத்தால், எஞ்சின் மெதுவாக ஓடும்போதே கொஞ்சப் புகையும் வேகமாகப் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றிவிடும். ஆனால் எஞ்சின் முழு வேகத்தில் ஓடுகிறபோது அவ்வளவு புகையும் அந்தச் சிறு வாயில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். போக வழியில்லாத புகை சிலிண்டரிலேயே தங்கிவிடும். புதுக் காற்றுக்கு இடம் கிடைக்காது. எஞ்சின் தன் மூச்சிலேயே திணறும். வாய் பெருத்தால் உச்ச வேகத்தில் புகை தாராளமாக வெளியேறும், பலம் அபாரமாக இருக்கும். ஆனால் அந்த வேகம் வருகிறவரை சக்கரம் சுழலவே யோசிக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தவர் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு காத்திருக்கவேண்டியதுதான்.

எஞ்சின்காரர்கள் இந்த வாயை ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். கூட்டின் நுழைவாயிலில் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் பரப்பை, சக்கரத்தின் மையத்திலிருந்து அந்தப் பரப்பின் மையம் எவ்வளவு தூரமோ அந்தத் தூரத்தால் வகுக்கவேண்டும். 'ஏ பை ஆர்' என்று இதற்குப் பெயர். 0.48, 0.63, 0.82 என்று கூட்டின்மேல் வார்த்திருக்கும். எண் சிறிதானால் வாய் சிறிது, பெரிதானால் பெரிது. இந்தச் சின்னத் தசமங்களுக்குள்ளேதான் நம்முடைய கதை முழுவதும் நடக்கிறது.

*

கதையின் ஆரம்பம் ஸ்விட்சர்லாந்தில். விண்டர்தூர் என்ற தொழில் நகரத்தில் 1879ல் பிறந்த ஆல்ஃபிரட் பியூக்கி என்ற எஞ்சினியர், எஞ்சினில் எரிகிற எண்ணெயின் உஷ்ணத்தில் பெரும்பகுதி உருப்படியான வேலை செய்யாமல் புகையோடும் குளிர்நீரோடும் போய்விடுகிறதே என்று கவலைப்பட்டார். சமையலறையில் சிந்துகிற எண்ணெய்க்காகக் கவலைப்படும் குடும்பத் தலைவியின் கவலைதான் அது. 1905 நவம்பர் 16-ஆம் தேதியிட்ட ஜெர்மன் பேட்டண்டு ஒன்றில் புகையால் ஓடும் காற்றழுத்தியைப் பற்றி எழுதிவைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

யோசனை தோன்றிய வேகத்தில் இரும்பு உருப்பெற்றுவிடுவதில்லை. அந்தக் காலத்து உலோகங்கள் அத்தனை சூட்டில் அத்தனை வேகத்தைத் தாங்கவில்லை. இருபது வருஷங்கள் அவர் காத்திருந்தார். 1920களின் நடுவில் ஜெர்மனியில் 'புரொய்சன்', 'ஹான்ஸெஸ்டாட் டான்ஸிக்' என்ற இரண்டு பிரயாணிக் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அவருடைய முறையைப் பொருத்தினார்கள். 1,750 குதிரைச் சக்தி கொடுக்கிற எஞ்சின் 2,500 குதிரைச் சக்தி கொடுத்தது. எஞ்சின் பருக்கவில்லை, கப்பல் நீளவில்லை, புகைபோக்கியில் போய்க்கொண்டிருந்த செல்வம் வீட்டுக்குத் திரும்பிவந்தது, அவ்வளவுதான்.

1925ல் அவர் பெற்ற இன்னொரு பேட்டண்டு நம் கதைக்கு இன்னும் முக்கியம். சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகையைத் துப்புகின்றன. எல்லாவற்றையும் ஒரே பெரிய குழாயில் கலந்துவிட்டால், ஒரு சிலிண்டரின் வேகம் இன்னொன்றின் மேல் மோதிச் செத்துப்போகிறது. ஆகவே ஒன்றுக்கொன்று இடையூறு செய்யாத சிலிண்டர்களைச் சேர்த்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித் தனியே ஒடுங்கிய குழாய் வைத்து, சக்கரம் வரைக்கும் தனி வழியாகவே கொண்டுபோனார் பியூக்கி. ஒவ்வொரு துப்பலும் தன் உந்துதல் குறையாமல் சக்கரத்தை வந்து அடித்தது. இன்றைக்கு 'இரட்டைச் சுருள்' என்று விளம்பரங்களில் பெருமையாகப் போடுகிற புகைக் கூட்டின் பாட்டனார் அதுதான்.

கப்பலில் வாயின் அளவு பெரிய தலைவலியாக இல்லை. காரணம் எளிது. கப்பல் எஞ்சின் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினால் நாள் கணக்கில் ஒரே சுருதியில் ஓடும். எந்தச் சுருதி என்று தெரிந்தால் அதற்குத் தக்கபடி வாயை அமைத்துவிடலாம். கணக்கு ஒரு தடவை போட்டால் போதும்.

*

ஆகாய விமானத்தின் கஷ்டம் வேறு. மேலே போகப்போகக் காற்று மெலிந்துவிடுகிறது. மனிதனுக்கு மூச்சு முட்டுவது போலவே எஞ்சினுக்கும் முட்டுகிறது. முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸில் பேராசிரியர் ஒகூஸ்த் ரத்தோ புகையால் ஓடும் காற்றழுத்தியை விமான எஞ்சினில் பொருத்திப் பரீட்சை செய்தார். செய்தி அமெரிக்காவுக்கு எட்டியது. அங்கே ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ஸான்ஃபோர்ட் மாஸ் என்ற எஞ்சினியர் இருந்தார். கார்னெல் சர்வகலாசாலையில் காற்றுச் சக்கரத்தைப் பற்றியே ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர்.

மாஸ் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். உயரத்தில் எஞ்சின் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க விமானத்தில் ஏற்றவேண்டும்; ஏற்றினால் அளவெடுக்க முடியாது. சரி, மலைக்கு எடுத்துப் போவோம் என்று தீர்மானித்தார். 1918ல் லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை ஒரு லாரியில் கட்டி, கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு, 14,000 அடிக்கு மேலே கொண்டுபோய் வைத்தார். கடல் மட்டத்தில் 350 குதிரைச் சக்தி தந்த எஞ்சின் அங்கே சுமார் 230தான் தந்தது. டர்போசார்ஜரை இணைத்ததும் 356 வந்தது. மலையுச்சியில் நின்ற எஞ்சின், தான் கடற்கரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டுவிட்டது!

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கருவியை நம்பி ஒருவர் மேலே போனார். மேஜர் ருடால்ஃப் ஷ்ரோடர் என்று பெயர். 1920 பிப்ரவரி 27-ஆம் தேதி, ஓஹையோ மாகாணத்தில் டேய்ட்டன் நகருக்குப் பக்கத்திலிருந்த மக்குக் மைதானத்திலிருந்து திறந்த அறை கொண்ட இரட்டை இறக்கை விமானத்தில் கிளம்பினார். 33,000 அடியைத் தாண்டினார். அதற்குமுன் மனிதன் விமானத்தில் அவ்வளவு உயரம் போனதில்லை. எஞ்சினுக்குக் காற்று குறைவில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தது. மனிதருக்குத்தான் பிராணவாயு நின்றுபோயிற்று. கண்ணாடியைக் கழற்றியதும் அந்தக் குளிரில் கண்கள் உறைந்தன. பிரக்ஞை தப்பியது. விமானம் ஐந்து மைலுக்கு மேல் விழுந்தது. பூமிக்குச் சில ஆயிரம் அடி இருக்கும்போது எப்படியோ நினைவு வந்து, ஏறக்குறையக் குருடராகவே விமானத்தை நிமிர்த்தி, தரையில் இறக்கிவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் அவரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றார்கள். ஒரு நாவலில் இந்தக் கட்டத்தை எழுதினால், 'நம்பும்படியாக இல்லை' என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

எஞ்சினின் மூச்சுக்கு வழி செய்தவர்கள் மனிதனின் மூச்சுக்கும் அதே அக்கறையோடு வழி செய்யவேண்டும் என்ற பாடம் அன்று கிடைத்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்காவின் பி-17 போன்ற பெரிய குண்டு விமானங்களின் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு டர்போசார்ஜர் இருந்தது. அவற்றில் இன்னொரு யுக்தியும் இருந்தது. சக்கரத்துக்குப் போகும் குழாயில் ஒரு கதவு. வேண்டாத புகையை அந்தக் கதவைத் திறந்து வெளியே விட்டுவிடலாம். 'வேஸ்ட் கேட்' என்றார்கள். நம் ஊர் ஏரிகளில் கலங்கல் கட்டியிருக்கிறார்களே, அதேதான். ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியே போய்விடும், கரை பிழைக்கும். கீழே பறக்கும்போது கதவு திறந்திருக்கும்; மேலே ஏற ஏற மூடிக்கொண்டு வரும்.

கப்பலைப் போலவே விமானமும் அநேகமாக ஒரே சுருதியில் ஓடுவது. ஆகவே அங்கேயும் வாயின் அளவு கணக்குக்கு அடங்கியது. அடங்காத பிராணி ஒன்று பாக்கி இருந்தது. அது மோட்டார் கார்.

*

கார் ஒரு நிமிஷம் நிற்கும். மறு நிமிஷம் பாயும். முன்னால் மாடு வந்தால் பிரேக் போடும். மாடு போனதும் மறுபடி பாயும். எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்றிலும் இருக்கும், 6,000 சுற்றிலும் இருக்கும். கோடையும் வெள்ளமும் ஒரே தெருவில் மாறி மாறி வருகிற மாதிரி. இதற்கு எந்த வாயை வைப்பது?

முதலில் பிழைத்தவர்கள் பந்தயக்காரர்கள். 1952ல் அமெரிக்காவின் இண்டியானபோலிஸ் பந்தயத்துக்குக் கம்மின்ஸ் கம்பெனி டர்போசார்ஜர் பொருத்திய ஒரு டீசல் காரைக் கொண்டுவந்தது. டீசல் லாரிக்காரர்கள் பந்தயத்துக்கு வந்ததே வேடிக்கையாக இருந்தது. ஃப்ரெட் அகபாஷியன் ஓட்டினார். தகுதிச் சுற்றுக்களில் மணிக்குச் சராசரி 138 மைல் வேகத்தில் ஓட்டி, எல்லாருக்கும் முன்னால் நின்று புறப்படும் ஸ்தானத்தைப் பிடித்துவிட்டார். அந்த நீள்வட்டப் பாதையில் எஞ்சின் பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் ஓடும். அது டர்போவுக்கு அனுகூலம். ஆனால் பந்தயத்தின் 71-வது சுற்றில் வண்டி ஒதுங்கிவிட்டது. டயர்களிலிருந்து தேய்ந்து பறந்த ரப்பர்த் துகளும் குப்பையும் காற்று நுழையும் வாயை அடைத்துவிட்டன. புகை வாயைப் பற்றியே யோசித்தவர்களுக்குக் காற்று வாய் புத்தி சொன்னது.

1962ல் அமெரிக்காவில் இரண்டு கார்கள் சாதாரண ஜனங்களுக்கு டர்போவோடு விற்பனைக்கு வந்தன. செவ்ரோலே கோர்வேர் ஸ்பைடரில் கலங்கலே கிடையாது. சைலன்ஸரின் நெருக்கடியே கடிவாளமாக இருந்து சக்கரம் மிஞ்சிப் போகாமல் பார்த்துக்கொண்டது. மலிவான யுக்தி, ஆனால் உயர்ந்த வேகத்துக்குப் போனால்தான் பலன் தெரியும். ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரில் கலங்கல் இருந்தது. 215 கன அங்குல எஞ்சினிலிருந்து 215 குதிரைச் சக்தி வந்தது. எஞ்சினுக்குள் சூடு மிஞ்சி 'டக்டக்' என்று தட்டாமல் இருக்கத் தண்ணீரும் மெதனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றவேண்டும். 'டர்போ ராக்கெட் திரவம்' என்று அதற்குக் கம்பீரமான பெயர் வைத்தார்கள். பெயர் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் ஊற்றுகிறவர்கள் மறந்துபோனார்கள். தொட்டி காலியானால் டர்போ அடக்கப்பட்டுவிடும். வண்டியில் வேகம் இல்லை என்று புகார் வரும். 1965ல் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டித்தர முன்வந்தது. இயந்திரத்தை அமைக்கிறவர் மனிதனின் ஞாபகசக்தியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும் போலிருக்கிறது.

*

பத்து வருஷம் கழித்து ஐரோப்பா இந்த விளையாட்டில் இறங்கியது. 1973ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி '2002 டர்போ' என்ற காரைக் கொண்டுவந்தது. இரண்டு லிட்டர் எஞ்சின், 170 குதிரைச் சக்தி. முன்பக்கத்தில் அதன் பெயரைத் திருப்பி எழுதியிருந்தார்கள். முன்னால் போகிறவர் தம் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும். 'வருகிறேன், ஒதுங்கு' என்று அர்த்தம். இந்தத் திமிர் பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த வருஷக் கடைசியிலேயே எண்ணெய்த் தட்டுப்பாடு வேறு வந்தது. 1,672 வண்டிகளோடு உற்பத்தி நின்றுவிட்டது.

அந்தக் காரின் சுபாவந்தான் நமக்குப் பாடம். நிமிஷத்துக்கு 4,000 சுற்றை நெருங்குகிறவரை அது சாதுப் பசு. அதைத் தாண்டினதும் யாரோ பின்னாலிருந்து உதைத்தது போலப் பாயும். நேர்ச் சாலையில் இது ஆனந்தம். மழை பெய்த வளைவின் நடுவில் அந்த உதை வந்தால் வண்டியின் வால் முன்னால் வந்துவிடும். பலம் இருப்பது ஒன்று. அது கேட்ட சமயத்தில் வருவது வேறொன்று. பலத்தைக் குதிரைக் கணக்கில் அளந்துவிடலாம். சமயத்தை விளம்பரத்தில் போட முடியாது.

பந்தயக்காரர்கள் இதற்குத் தங்களை மாற்றிக்கொண்டார்கள். போர்ஷ் கம்பெனியின் 917/30 என்ற பந்தய காருக்கு 1973ல் சுமார் 1,100 குதிரைச் சக்தி இருந்தது. அதை ஓட்டிய மார்க் டானஹ்யூ எஞ்சினியரிங் படித்தவர். டர்போ வண்டி ஓட்டுகிறவர் வளைவிலிருந்து வெளியே வந்தபின் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காலம் கடந்துவிடும். வளைவுக்குள் இருக்கும்போதே மிதிக்கவேண்டும். வேண்டிய இடத்தில் பலம் வந்து சேரும். தபாலில் மணியார்டர் அனுப்புகிற மாதிரி, தேவைக்கு முன்னாலேயே அனுப்பிவிடவேண்டும். டானஹ்யூ அந்த வருஷத்துக் கான்-ஆம் பந்தயங்கள் எட்டில் ஆறை ஜெயித்தார். ஆனால் உலகத்தில் எத்தனை பேர் டானஹ்யூ? ஆபீஸுக்குப் போகிறவர் இரண்டு விநாடி முன்கூட்டியே யோசித்து மிதிக்கமாட்டார், மிதிக்கவும் கூடாது.

இந்த இடத்தில்தான் ஸ்வீடன் தேசத்தார் வருகிறார்கள். ஸாப் என்ற சிறிய கம்பெனி. பெரிய எஞ்சின் செய்யப் பணமில்லை. கையில் இருந்தது இரண்டு லிட்டர் எஞ்சின்தான். கம்பெனியோடு இணைந்திருந்த ஸ்கானியா லாரிக்காரர்களுக்கு டர்போ பழக்கமான சமாசாரம். பேர் யில்பிராண்ட் என்ற எஞ்சினியரின் கோஷ்டி இந்த வேலையில் இறங்கியது. அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வியே வேறாக இருந்தது. 'இந்த எஞ்சினிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு கறக்கலாம்?' என்று அவர்கள் கேட்கவில்லை. 'ஜனங்கள் எந்த வேகத்தில் வண்டி ஓட்டுகிறார்கள்?' என்று கேட்டார்கள். லாரியை முந்த வேண்டும், மேடு ஏறவேண்டும், சந்திப்பிலிருந்து கிளம்பவேண்டும். இதெல்லாம் 2,000, 3,000 சுற்றில் நடக்கிற காரியங்கள். ஆகவே அவர்கள் டர்போவைச் சிறியதாகவே வைத்தார்கள். சிறுசு சீக்கிரம் சுழலும். உச்ச வேகத்தில் அதற்கு மூச்சு முட்டாமல் இருக்க ஒரு கலங்கலை வைத்து உபரிப் புகையைத் தள்ளிவிட்டார்கள்.

1977ல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ஸாப் 99 டர்போ வந்து நின்றது. 145 குதிரைச் சக்தி. பி.எம்.டபிள்யூவை விட 25 குறைவு. ஆனால் முறுக்கு விசை உச்சத்துக்கு வருவது 3,000 சுற்றிலேயே. பத்திரிகை விளம்பரத்தில் எண்ணைப் பார்த்தவருக்கு இது தோற்ற வண்டி. சாவியைத் திருப்பி ஓட்டினவருக்கு ஜெயித்த வண்டி. டர்போ பந்தய மைதானத்தை விட்டுக் குடும்பஸ்தர் வீட்டுக்கு வந்து தங்கியது அந்தச் சிறிய வாயின் வழியாகத்தான்.

*

அதே 1977ல், ஜூலை 16-ஆம் தேதி, இங்கிலாந்தில் சில்வர்ஸ்டன் மைதானத்தில் ஒரு மஞ்சள் கார் வந்து நின்றது. ஃபார்முலா ஒன் பந்தயச் சட்டப்படி 1966 முதல் இரண்டு வழி உண்டு: மூன்று லிட்டர் சாதாரண எஞ்சின், அல்லது காற்றை அழுத்தித் தள்ளும் ஒன்றரை லிட்டர் எஞ்சின். இரண்டாவது வழியை யாரும் சீந்தவில்லை. பிரான்ஸின் ரெனோ கம்பெனி சீந்தியது. ழான்-பியர் ழபூயி ஓட்டினார். முதல் பந்தயத்திலேயே டர்போ கெட்டு வண்டி ஒதுங்கியது. பிறகும் அடிக்கடி வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. இங்கிலீஷ்காரர்கள் அதற்கு 'மஞ்சள் டீ கெண்டி' என்று பெயர் வைத்தார்கள்.

அதிலே இருந்தது ஒரே ஒரு பெரிய டர்போ. பலம் இருந்தது, சமயம் இல்லை. ஆனால் காற்று மெலிந்த இடத்தில் அதன் குணம் தெரிந்தது. 1979 மார்ச்சில் தென் ஆப்பிரிக்காவின் கயலாமியில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மைதானத்தில், மற்ற எஞ்சின்கள் மூச்சு வாங்கியபோது ழபூயி முதல் ஸ்தானத்தில் நின்று புறப்பட்டார். பைக்ஸ் சிகரத்தில் மாஸ் காட்டிய அதே வித்தை.

அந்த வருஷம் ரெனோக்காரர்கள் புதுக் காரைக் கொண்டுவந்தார்கள். பெரிய டர்போ ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய டர்போ இரண்டு. மூன்று சிலிண்டருக்கு ஒன்று வீதம். இதன் சூட்சுமம் கணக்கில் இருக்கிறது. ஒரே வடிவமுள்ள இரண்டு சக்கரங்களில், சுழற்றுவதற்கு உண்டாகும் எதிர்ப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குப்படி ஏறுகிறது. விட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். பாதியாக்கினால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு! பெரிய யானை ஒன்றை ஓட்டுவதைவிடச் சின்னக் கன்றுகள் இரண்டை ஓட்டுவது சுளுவு.

1979 ஜூலை முதல் தேதி, பிரான்ஸில் டீஜோன் மைதானத்தில், பிரெஞ்சுக்காரர் ஒருவர் பிரெஞ்சுக் காரில் முதலாவதாக வந்தார். அவர் ழபூயி. இன்னொரு ரெனோவில் ரெனே ஆர்னூ மூன்றாவதாக வந்தார். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் டர்போ ஜெயித்தது அன்றுதான் முதல் தடவை. சிரித்தவர்கள் எல்லாரும் சில வருஷங்களுக்குள் டர்போ தேடிக் கிளம்பினார்கள். 1983ல் டர்போ கார் ஓட்டி நெல்ஸன் பிக்கே உலக சாம்பியன் ஆனார். 1988க்குப் பிறகு சட்டத்தாலேயே டர்போவைத் தடுக்கவேண்டி வந்தது. 2014ல் மறுபடி அனுமதித்தபோது அச்சோடு ஒரு மின்சார மோட்டாரையும் இணைத்தார்கள். புகை வரக் காத்திராமல் மோட்டாரே சக்கரத்தைச் சுழற்றித் தயாராக வைத்திருந்தது.

*

ஒரே கூட்டுக்கு இரண்டு வாய் வைக்க முடியாதா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. மதகில் பலகையை ஏற்றி இறக்கித் தண்ணீரைக் கட்டுப்படுத்துவது போல, சக்கரத்தைச் சுற்றிச் சிறு தகடுகளை வைத்து அவற்றைத் திருப்பலாம். புகை குறைவாக வரும்போது தகடுகள் நெருங்கி வாயைச் சிறிதாக்கும். அதிகமாக வரும்போது விலகிப் பெரிதாக்கும். 1980களின் கடைசியில் ஜப்பானில் ஹோண்டாவும் அமெரிக்காவில் ஷெல்பியும் இப்படிச் சில கார்களை விற்றார்கள். டீசல் கார்களில் இது சர்வசாதாரணமாகிவிட்டது. பெட்ரோல் எஞ்சினின் புகை சுமார் 1,000 டிகிரி ஸென்டிகிரேட் வரை போகும். டீசல் புகை அதைவிடக் கணிசமாகக் குறைவு. அந்தச் சூட்டில் தகடுகள் இறுகிக்கொள்ளாமல் அசையவேண்டும் என்றால் விலையுயர்ந்த உலோகம் வேண்டும். 2006ல் போர்ஷ் அதைத் தன் 911 டர்போவில் செய்துகாட்டியது.

இருந்தாலும், தன் எஞ்சினுக்குப் பலம் சேர்க்க விரும்பும் ஒருவர் பட்டறையில் நின்றுகொண்டு, 0.48ஆ, 0.63ஆ, 0.82ஆ என்று யோசிக்கிற காட்சி இன்னும் மறையவில்லை. சரித்திரம் அவருக்குச் சொல்லக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. முதலாவது, இந்த எண்ணை ஒரே குடும்பத்துக் கூடுகளுக்குள் மட்டும் ஒப்பிடவேண்டும். சக்கரம் மாறினால் அதே 0.63 வேறு வாய். ஜப்பானியக் கம்பெனிகள் சில சதுர ஸென்டிமீட்டரில் எழுதுகிறார்கள்; அந்த எண்ணையும் இந்த எண்ணையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது. இரண்டாவது, சக்கரத்துக்கு முன்னால் புகையின் அழுத்தத்தை அளந்து, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். காற்றைவிடப் புகை இரண்டு மடங்கு, அதற்கும் மேல் என்று நெருக்கினால் வாய் சிறிது என்று அர்த்தம். அப்போது சிலிண்டரில் சூடு ஏறும், எஞ்சின் தட்டும், பிஸ்டனுக்கு ஆபத்து. மூன்றாவதுதான் முக்கியம். உச்ச பலம் எவ்வளவு என்று கேட்கும்முன், வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதியை எந்தச் சுற்றில் கழிக்கப்போகிறது என்று கேட்கவேண்டும். பந்தய மைதானத்தில் 5,000க்குக் கீழே இறங்காத எஞ்சினுக்குப் பெரிய வாய் தர்மம். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற எஞ்சினுக்குச் சிறிய வாயும் ஒரு கலங்கலும் போதும். நடுவே இருக்கிறவர் 0.63ஐ எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவேண்டும்.

பெரும்பாலோர் பெரிய எண்ணைத்தான் எடுக்கிறார்கள். வருஷத்தில் ஒருநாள் தேவைப்படுகிற பலத்துக்காக முந்நூற்றறுபத்துநாலு நாளும் காத்திருக்கச் சம்மதிக்கிறார்கள். விருந்தாளி வருகிற நாளுக்காகப் பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றித் தினமும் அதிலேயே காப்பி போடுகிற வீட்டை யாரும் பார்த்ததில்லை. எஞ்சின் விஷயத்தில் மட்டும் இது ஏனோ புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது.

ஆல்ஃபிரட் பியூக்கி 1959ல் காலமானார். கடலில் ஓடும் பெரிய டீசல் கப்பல்களிலும் ரயில் எஞ்சின்களிலும் தம்முடைய யோசனை வேலை செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். கார்களின் கூத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவர் பதில் ஒன்றாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது: புகை எவ்வளவு, அது எப்போது வருகிறது என்று முதலில் எழுதி எடுத்துக்கொண்டு வா, பிறகு வாயைப் பற்றிப் பேசலாம்.